ஃபெஸ்டர் என்ற சொல்லும் என் கணவரின் இடது காலும்

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில் உட்கார்ந்து, அமெரிக்காவில் இருக்கும் டாக்டர்கள் பேசுவதைக் கேட்டு எழுதுவதுதான் பத்தொன்பது வருடமாக என் பிழைப்பு. நோயாளியைப் பார்த்து முடித்ததும் அவர்கள் மைக்கில் கடகடவென்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். நாங்கள் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அதை அறிக்கையாக்க வேண்டும். இப்போதெல்லாம் கம்ப்யூட்டரே முதலில் எழுதிவிடுகிறது, நாங்கள் திருத்துகிறோம். வேலை பாதியாகிவிட்டது என்று வெளியில் இருப்பவர்கள் சொல்கிறார்கள். அவர்கள் வந்து ஒரு நாள் திருத்திப் பார்க்கட்டும்.

வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்திலேயே ஃபெஸ்டர் என்ற ஆங்கிலச் சொல் என்னிடம் வந்து மாட்டியது. யாரோ ஒரு பெரியவருக்குத் தோட்டத்தில் விரலில் முள் ஏறியிருக்கிறது. பிடுங்கிப் போட்டுவிட்டு மறந்துவிட்டார். முனை உள்ளேயே ஒடிந்து நின்றுவிட்டது. மேலே தோல் மூடிக்கொண்டது, உள்ளே சீழ் கோர்த்துக்கொண்டது, விரல் வீங்கி மடக்க முடியாமல் ஆன பிறகுதான் அவர் டாக்டரைத் தேடியிருக்கிறார். அந்த ஒரு சொல்லை மட்டும் டாக்டர், இது நோயாளி சொன்ன வார்த்தை என்று தனியாகக் குறிப்பிட்டிருந்தார்.

எங்களுக்குப் பயிற்சி கொடுத்த அம்மா ஓய்வுபெற்ற நர்ஸ். டாக்டர்கள் இந்தச் சொல்லை அதிகம் சொல்ல மாட்டார்கள், அவர்களுக்கு இன்ஃபெக்‌ஷன் இருக்கிறது, சீழ்க்கட்டி என்றால் ஆப்சஸ் இருக்கிறது, இது வீட்டு மனிதர்கள் பேசுகிற வார்த்தை என்று அவர்தான் சொல்லிக் கொடுத்தார். அகராதியைப் புரட்டினேன். சீழ்பிடி, அழுகு, புரையோடு என்று மூன்று பொருள் போட்டிருந்தது. மூன்றும் சரிதான், மூன்றும் போதவில்லை. சீழ்பிடிப்பது இரண்டே நாளில் நடந்துவிடும். அழுகுவதை யாரும் பார்க்கலாம். இந்தச் சொல்லுக்கு நாள் வேண்டும், மேலே ஒன்றும் தெரியாமலும் இருக்க வேண்டும். புரையோடுவதுதான் கிட்டத்தில் வருகிறது. ஆனால் நம் பத்திரிகைக்காரர்கள் அதை ஊழலுக்கென்றே நேர்ந்துவிட்டார்கள். கால் புண் புரையோடிவிட்டது என்று பக்கத்து வீட்டில் போய்ச் சொன்னால் மேடையில் பேசுகிற மாதிரி இருக்கும்.

ஆங்கிலக்காரர்களும் அதைப் புண்ணோடு நிறுத்திக்கொள்ளவில்லை. மனக்கசப்பு, அவமானம், பாகப்பிரிவினைச் சண்டை, எல்லாவற்றுக்கும் அதே சொல்தான். மனநல டாக்டர்களின் குறிப்புகளில் நிறைய வரும். அண்ணன் தம்பி பதினைந்து வருடம் பேசாமல் இருந்ததற்கும் வரும், அம்மா ஒரு பிள்ளைக்கு மட்டும் கொடுத்த மோதிரத்துக்கும் வரும். வருடக்கணக்கில் கேட்டதில் நான் ஒன்றைக் கவனித்தேன். அந்தச் சொல் தனியாக வருவது குறைவு. வரும்போதே ‘அப்படியே விட்டுவிட்டார்கள்’ என்று ஒரு பேச்சையும் கூட இழுத்துக்கொண்டு வரும். புண் தானாகக் கெடுவதில்லை, யாரோ பார்த்துவிட்டும் பார்க்காத மாதிரி விட்டிருக்கிறார்கள். புதிதாகச் சேரும் பெண்களுக்கு நான் இதை ஒரு வகுப்பாகவே எடுப்பேன். அவர்களும் தலையை ஆட்டிக்கொண்டு கேட்பார்கள். ஊருக்குத்தான் உபதேசம்.

என் கணவருக்கு ஆறு வருடமாகச் சர்க்கரை. திருமழிசை எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் மிஷின் ஆபரேட்டர். ஆவடியில் பிறந்து வளர்ந்தவர். நான் திண்டுக்கல் பக்கம். இருபத்திரண்டு வருடம் குடித்தனம் நடத்தியும் அவர் தன் ‘இன்னா’வை விடவில்லை, நான் என் ‘என்ன’வை விடவில்லை. வெள்ளானூரில் ஒரு பிளாட்டில் இருக்கிறோம். ஒரே மகள், கோயம்புத்தூரில் கடைசி வருடம் படிக்கிறாள், ஹாஸ்டல். அவள் போனதிலிருந்து எங்களுக்குள் சண்டை வந்தால் தூது போக ஆள் இல்லை.

போன ஆடி மாதக் கடைசியில், வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்களோடு தானும் போகப்போவதாக அவர் அறிவித்தார். எங்கள் பங்குக் கோயிலிலிருந்து வருடா வருடம் ஒரு குழு போகும். காவி உடுத்தி, கழுத்தில் ஜெபமாலை போட்டு, மாதா சொரூபம் வைத்த சின்னச் சப்பரத்தைத் தள்ளிக்கொண்டு, பன்னிரண்டு நாள் வெறுங்காலில் நடப்பார்கள். சர்க்கரைக்காரர் வெறுங்காலில் நடப்பதாவது என்று நான் குதித்தேன். என்ன நேர்ச்சை என்றும் அவர் சொல்லவில்லை. நிறைவேறும்வரை நேர்ச்சையை வெளியில் சொல்லக் கூடாதாம். பஸ்ஸில் வந்தால் மாதா முகத்தைத் திருப்பிக்கொள்வாரா என்று கேட்டேன். மூன்று நாள் சண்டை. கோபம் வந்தால் எனக்கு வாய் முன்னால் ஓடும், புத்தி பின்னால் நடந்து வரும். அந்த மூன்று நாளும் நான்தான் பேசினேன், அவர் பேசவில்லை. நாலாம் நாள் காலைத் திருப்பலி முடிந்ததும் கிளம்பிவிட்டார். வழியனுப்ப நான் கோயிலுக்குப் போகவில்லை.

இந்தக் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. நடக்கும்போது யாரும் வலிக்கிறது என்று சொல்லக் கூடாது. மாதாவுக்குக் கொடுத்ததைத் திரும்பக் கேட்கிற மாதிரி ஆகிவிடும் என்பார்கள். வலி தாங்கவில்லை என்றால் ‘மரியே’ என்று ஒருவர் குரல் கொடுப்பார், ‘வாழ்க’ என்று எல்லோரும் சேர்ந்துகொள்வார்கள். அதனால் எங்கள் குழு சத்தமாகப் போகிறது என்றால் ரொம்ப வலியோடு போகிறது என்று பொருள். திரும்பி வந்த பிறகும், மாதாவின் பிறந்தநாள் திருவிழா முடிகிறவரை வீட்டிலும் தெருவிலும் செருப்புப் போடுவதில்லை. கம்பெனிக்கு மட்டும் விலக்கு, அங்கே இரும்பு மூக்கு வைத்த சேஃப்டி ஷூ இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள்.

அவர் திரும்பி வந்தபோது கறுத்து, இளைத்து, நாலு பேருக்கு நடுவில் நின்றால் அடையாளம் தெரியாத மாதிரி இருந்தார். கொஞ்சம் சாய்ந்து நடந்தார். அத்தனை தூரம் நடந்தவர் சாயாமல் என்ன செய்வார் என்று நினைத்துக்கொண்டேன். முதலில் அவர் பேசட்டும் என்று நான் இருந்தேன். அவரும் அப்படியே இருந்திருக்க வேண்டும். சாப்பாடு ஆச்சு, கேஸ் வந்தது, மகள் போன் பண்ணினாள், இதற்கு மேல் எங்களுக்குள் பேச்சு இல்லை. முதல் நாளே பாயை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போய்விட்டார். போகட்டுமே, எத்தனை நாள் பார்க்கலாம் என்று நான் கதவைச் சாத்திக்கொண்டேன்.

இப்போது ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தால் என் தலையில் நானே குட்டிக்கொள்ளத் தோன்றுகிறது. குடித்த டம்ளரைக்கூடக் கழுவி வைக்காத மனுஷன், தினமும் தன் சாக்ஸைத் தானே துவைத்துப் பால்கனியில் காயப்போட்டார். ரோஷம் என்று நினைத்தேன். உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷப்பட்டேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். வீட்டுக்குள்ளும் சாக்ஸ் போட்டுக்கொண்டிருந்தார். செருப்புக்குப் பதிலாக இது என்று நினைத்தேன். சாயங்காலம் வந்ததும் மாதா படத்துக்கு முன்னால் ஒன்றுக்கு மூன்றாக ஊதுபத்தி கொளுத்தினார். பக்தி முற்றிவிட்டது என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் ஹாலில் ஒரு நாற்றம் வந்தது. ஊதுபத்திக்கு அடியில், இனிப்பும் அழுகலுமாக. எலி செத்திருக்கிறது என்று முடிவு கட்டினேன். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் லாஃப்டில் இருந்த அட்டைப்பெட்டிகளை இறக்கி, கிறிஸ்துமஸ் குடில் சாமான்களையெல்லாம் தரையில் பரப்பித் தேடினேன். சோபாவில் உட்கார்ந்து அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். எழுந்து வந்து ஒரு பெட்டியைக்கூடப் பிடிக்கவில்லை. எழுந்தால் நொண்டுவது தெரியும் என்றுதான் எழவில்லை. அது எனக்கு எப்படித் தெரியும்? நான் பெட்டிகளை ஓசையோடு வைத்தேன். எலி கிடைக்கவில்லை. அடுத்த வாரம் சமையலறைச் சாக்கடைக் குழாயைப் பார்க்கச் சொல்லி ஆளையும் கூப்பிட்டேன். குழாயில் ஒன்றும் இல்லை அக்கா, நல்லாத்தான் போகுது என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் திரும்பி வந்த பதினாறாம் நாள். அன்று அவர் லீவு போட்டுவிட்டுப் படுத்திருந்தார். லேசாகக் காய்ச்சல் என்றார். மேஜையில் மாத்திரையை வைத்துவிட்டு நான் வேலைக்கு வந்துவிட்டேன்.

பதினோரு மணி இருக்கும். திருத்துவதற்கு ஒரு அறிக்கை வந்தது. ஐம்பத்தெட்டு வயது, சர்க்கரை நோயாளி, பாதத்தில் புண். எப்படி ஆரம்பித்தது என்று டாக்டர் சொல்லிக்கொண்டே வந்தார். நோயாளி எதையும் ஒழுங்காகச் சொல்லவில்லை, கூட வந்த மனைவிதான் சொன்னார் என்றார். வீட்டில் சில வாரமாகவே நாற்றம் இருந்ததாம், கிழட்டு நாய் ஒன்று இருக்கிறது, அதன்மேலிருந்து வருகிறது என்று மனைவி நினைத்துக்கொண்டாராம், இரண்டு முறை நாயைக் குளிப்பாட்டினாராம். பிறகு அந்தச் சொல் வந்தது. அப்படியே விட்டதில் ஃபெஸ்டர் ஆகிவிட்டது என்று மனைவி சொன்னதாக அவர் சொன்னார்.

கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் சரியாகத்தான் எழுதியிருந்தது, ஒரு எழுத்துப் பிழை இல்லை. நான் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் நாய் இல்லை. அதனால் நான் எலியைத் தேடினேன். ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, வயிற்றுவலி என்று டீம் லீடரிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். ஆவடிக்குப் பஸ், அங்கிருந்து ஷேர் ஆட்டோ. வெள்ளானூர் போய்ச் சேர்வதற்குள் எத்தனை முறை ‘மரியே’ என்று சொன்னேனோ தெரியவில்லை. சண்டை போட்டவளும் நான்தான், கூப்பிட்டவளும் நான்தான்.

கதவைத் திறந்ததும் ஹாலில் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு கிடந்தார்.

“இன்னா, இந்நேரத்துல வந்துகினு கீற?” என்றார். பதினாறு நாளில் அவராகக் கேட்ட முதல் கேள்வி அது.

போர்வையைக் கால் பக்கம் விலக்கி இடது கால் சாக்ஸைப் பிடித்தேன். அவர் காலை இழுத்துக்கொண்டார். நான் விடவில்லை. சாக்ஸ் ஒட்டிக்கொண்டிருந்தது, தண்ணீர் ஊற்றித்தான் கழற்ற முடிந்தது. சுண்டுவிரலுக்குக் கீழே பாதத்தில் தோல் தடித்து, மங்கலான மஞ்சளாக, மேலுக்கு ஆணிக்கால் மாதிரிதான் இருந்தது. நடுவில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு துளை. சுண்டுவிரல் கறுத்திருந்தது. நான் தொட்டேன். அழுத்தினேன். உள்ளிருந்து வந்தது. அவர் முகத்தில் ஒரு சுளிப்புக்கூட இல்லை, அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

வலிக்கவில்லையா என்று கேட்டேன்.

“வலியே இல்ல. ஆறாவது நாளே போய்ட்ச்சி. எல்லாருக்கும் கால் கொப்புளிச்சிகினு கீது, எனக்கு மட்டும் ஒண்ணும் தெர்ல. மாதா எட்த்துகினாங்கோன்னு நெனச்சேன்” என்றார்.

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு வெட்கம் கலந்த பெருமை இருந்தது. அந்த முகத்தைப் பார்த்து என்னால் கத்த முடியவில்லை. சர்க்கரை நரம்பைத் தின்றுவிட்டால் பாதத்தில் உணர்ச்சி போய்விடும், ஆணி ஏறினாலும் தெரியாது. இதை நான் வாரத்துக்கு நாலு அறிக்கையில் திருத்துகிறேன். இந்த வீட்டில் ஒரு நாளும் சொன்னதில்லை. நடக்காதே என்று கத்தியிருக்கிறேன், ஏன் என்று உட்கார்ந்து சொன்னதில்லை. நெடுஞ்சாலை ஓரத்தில் எங்கோ ஒரு கண்ணாடித் துண்டோ முள்ளோ ஏறியிருக்கிறது, அது தெரியாமல் போனதை அவர் வரம் என்று நினைத்துவிட்டார். வரத்துக்கு யாராவது மருந்து போடுவார்களா?

ஆட்டோவைப் பிடித்து, ஆவடியைத் தாண்டி, சென்னீர்குப்பத்துக்குப் பக்கத்தில் அவர் கம்பெனிக்காரர்கள் வழக்கமாகப் போகும் மருத்துவமனைக்குக் கூட்டிப் போனேன். பார்த்த டாக்டர் சின்னப் பெண், என் மகளைவிட ஏழெட்டு வயது கூட இருந்தால் அதிகம். ஒரு கம்பியைத் துளைக்குள் விட்டாள். அது எவ்வளவு தூரம் போகிறது என்று பார்த்துவிட்டு நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். எத்தனை நாளாக இருக்கிறது என்று கேட்டாள். நாலு நாள் என்றார் இவர்.

“பதினாறு நாள்” என்றேன் நான். “வந்த மூணாம் நாளே எனக்கு நாற்றம் வந்தது. எலின்னு நினைச்சேன்.”

அவள் சிரிக்கவில்லை. நிமிர்ந்து என்னை ஒருமுறை பார்த்துவிட்டு எழுதிக்கொண்டாள். அந்தப் பார்வையில் குற்றம் சொல்வது எதுவும் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். பிறகு என்னை வெளியே கூட்டிப் போய் மெதுவாகச் சொன்னாள். இரண்டு விரல் கண்டிப்பாக எடுக்க வேண்டும். சீழ் உள்ளே எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறது என்பது திறந்து பார்த்தால்தான் தெரியும். எலும்புக்குள் மேலே போயிருந்தால் கணுக்காலுக்கு மேலே எடுக்க வேண்டிவரும். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அதையும் சொல்லிவிடுகிறேன் ஆன்ட்டி என்றாள்.

நாள் முழுவதும் நின்று மிஷின் ஓட்டுகிற மனுஷன். அந்தக் கால் போனால் அவர் என்ன ஆவார் என்று எனக்குத் தெரியும். உட்கார வைத்து ஒரு வேலை கொடுப்பார்கள், அவரும் செய்வார், ஆனால் அந்த முகம் திரும்ப வராது. கையெழுத்துப் போட்டேன்.

ஆபரேஷன் அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்தபோது நடைப்பயணக் குழுவின் தலைவர் வந்தார். எழுபதை நெருங்கும் ஆள், ஓய்வுபெற்ற ஃபிட்டர். இருபது வருடத்துக்கு மேலாகக் குழுவை அழைத்துப் போகிறவர். கையில் வேளாங்கண்ணி எண்ணெய்ப் பாட்டில் வைத்திருந்தார். அவரைப் பார்த்ததும் எனக்கு எங்கிருந்து வந்ததோ அவ்வளவு கோபம். உங்கள் வழக்கமும் நீங்களும் என்று ஆரம்பிக்க வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார்.

“அவன் சாஞ்சிகினு வந்தான்மா. நான் பாத்தேன். வலி போய்ட்ச்சி அண்ணாத்தேன்னு சொன்னான், நாங்கோ எல்லாம் நின்னு மரியே வாழ்கன்னு கத்தினோம். அதுக்கப்புறம் கால காட்றான்னு எப்டிமா கேக்கறது?”

நான் திட்டவில்லை. கேட்க வேண்டியதைக் கேட்காமல் விட்டவர்கள் அந்த வராந்தாவில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தோம், ஒருவரை ஒருவர் திட்டுவதற்கு யாருக்கு யோக்கியதை இருக்கிறது? என்ன நேர்ச்சை என்றாவது தெரியுமா என்று கேட்டேன். மகளுக்குப் படிப்பு முடியும் முன்னே வேலை கிடைக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டதாகப் பெரியவர் சொன்னார். படிக்கிறவள் அவள், பரீட்சை எழுதுகிறவள் அவள், நடுவில் இவருடைய கால் எதற்கு என்று மனதுக்குள் ஒரு மூச்சு திட்டித் தீர்த்தேன். திட்டி முடித்ததும் நானும் அழுதேன். பெரியவர் எண்ணெய்ப் பாட்டிலை என்னிடம் கொடுத்தார். புண்ணில் போடாதே அம்மா, நெற்றியில் மட்டும் தொட்டு வை என்று அவரே சொன்னார்.

இரண்டரை மணி நேரம் கழித்து டாக்டர் பெண் வெளியே வந்தாள். சுண்டுவிரலும் அதற்குப் பக்கத்து விரலும் போய்விட்டன, பாதத்தின் ஓரத்தில் கொஞ்சம் சதையும் போயிற்று. எலும்பில் மேலே ஏறவில்லை. இப்போதைக்குக் கால் இருக்கிறது, இனி அது ஆறுவதைப் பொறுத்து என்றாள். இன்னும் இரண்டு மூன்று நாள் விட்டிருந்தால் என்று ஆரம்பித்தாள், என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

தையல் போடவில்லை. ஏன் என்று கேட்டேன். இந்த மாதிரிப் புண்ணை மேலே மூடினால் மறுபடியும் உள்ளே கோர்த்துக்கொள்ளும், திறந்தே வைத்திருக்க வேண்டும், அடியிலிருந்து சதை வளர்ந்து தானாக மேலே வர வேண்டும் என்றாள். மாதக்கணக்கில் ஆகலாம். தினமும் கட்டுப் பிரித்து, கழுவி, துணி திணித்து, மறுபடியும் கட்ட வேண்டும். வீட்டில் யார் செய்வார்கள் என்று கேட்டாள். நான் என்றேன். பத்தொன்பது வருடம் புண்ணைப் பற்றி எழுதியிருக்கிறேன், ஒன்றைக்கூடக் கழுவியதில்லை. நர்ஸ் இரண்டு நாள் பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுத்தார். ஓரங்களில் இளஞ்சிவப்பாகச் சதை தெரிந்தால் நல்லது, அவருக்குச் சுரணை முழுசாகத் திரும்பாது, ஆனாலும் வீக்கம் வடிந்த பிறகு எங்கேயாவது வலிக்கிறது என்று சொன்னால் சந்தோஷப்படுங்கள் என்றார்.

வீட்டுக்கு வந்த பிறகு தினமும் காலை ஏழு மணிக்குக் கட்டுப் பிரிப்பது என்று வைத்துக்கொண்டோம். ஹாலில் ஜன்னல் பக்கம் வெளிச்சம் நன்றாக இருக்கும். அவர் நாற்காலியில், நான் கீழே பலகையில், நடுவில் ஒரு ஸ்டூலில் அவர் கால். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார். நான் எங்கே தொடுகிறேன் என்றே அவருக்குத் தெரியாது. ஒவ்வொரு நாளும் தொட்டுத் தொட்டு, தெரிகிறதா, தெரிகிறதா என்று கேட்பேன். இல்ல என்பார். ஒன்பது நாள் இல்ல என்றே சொன்னார்.

பத்தாம் நாள் என்று நினைக்கிறேன். புண்ணின் ஓரத்தில் இளஞ்சிவப்பாக ஒரு கோடு தெரிந்தது. சந்தோஷத்தில் நான் அவரிடம், மருத்துவமனையிலேயே இருபது முறை கேட்ட கேள்வியை மறுபடியும் கேட்டேன். இந்த முறை கோபமில்லாமல் கேட்டேன். மாதா எடுத்துக்கொண்டதாகவே இருக்கட்டும், ஓட்டை விழுந்த பிறகாவது, நாற்றம் வந்த பிறகாவது, ஏன் என்னிடம் சொல்லவில்லை?

ஜன்னலிலிருந்து என் பக்கம் திரும்பினார்.

“நீதான சொன்ன” என்றார். “நடந்துட்டு வந்து கால் போச்சி, வெரல் போச்சின்னு எங்கிட்ட வந்து நிக்காதீங்கன்னு.”

எனக்கு முதலில் நினைவே வரவில்லை. பிறகு வந்தது. சண்டையின் மூன்றாம் நாள், அடுப்பில் தோசைக்கல், என் கையில் கரண்டி, அவர் சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். திரும்பிக்கூடப் பார்க்காமல் சொல்லியிருக்கிறேன். சொன்ன அடுத்த நிமிஷம் தோசையைத் திருப்பிப் போட்டிருப்பேன், அதோடு எனக்கு அது முடிந்துபோயிற்று. அவர் அதைத் தூக்கிக்கொண்டு வேளாங்கண்ணிவரை நடந்திருக்கிறார், திரும்பவும் வீட்டுக்கே கொண்டுவந்திருக்கிறார். கண்ணாடித் துண்டு தெரியாத அந்த உடம்பில் இது மட்டும் நன்றாகத் தெரிந்திருக்கிறது. இருபத்திரண்டு வருடத்தில் நான் சொன்ன எதையும் கேட்காத மனுஷன், சீழ்பிடித்த காலோடு பதினாறு நாள் அந்த ஒரு பேச்சை மட்டும் அப்படியே கேட்டு நடந்திருக்கிறார்.

அப்படிச் சொல்லவில்லை என்று மறுக்கலாமா என்று ஒரு கணம் தோன்றியது. கோபத்தில் சொல்வதையெல்லாம் எடுத்துக்கொள்வார்களா என்று கேட்கவும் வாய் வந்தது. அவர் கால் என் கைக்குள் திறந்து கிடந்தது.

“சொன்னேன்” என்றேன். “சொல்லியிருக்கக் கூடாது. மன்னிச்சிருங்க.”

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் கண் மறைத்தது. மறைத்த கண்ணோடு பஞ்சை நனைத்து, அந்த இளஞ்சிவப்புக் கோட்டின்மேல் கொஞ்சம் அழுத்தியே துடைத்துவிட்டேன் போலிருக்கிறது. வெடுக்கென்று காலை இழுத்தார்.

“மெதுவா” என்றார். “வலிக்குதுடி.”

நான் பஞ்சைக் கீழே போட்டுவிட்டு, இன்னொரு முறை சொல்லச் சொன்னேன்.